ஹாலைத் தாண்டாத சைக்கிள்

என் பல்செட்டின் மேல் ஆணை! இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பொய்யென்றால் அது இப்போதே கழன்று விழட்டும்.

கம்பெனியில் ரிட்டயர் ஆனதிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. மகன் ஃபிரடி, சைக்கிளின் பின்சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும் இரும்பு ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்து ஹாலில் மாட்டினான். மிதிக்கலாம், நகராது, விழாது. என் மனைவி அருள்மேரியின் தையல் மிஷின் வராந்தாவுக்குப் போயிற்று.

நான் மிதித்த வேகத்தில் கிளம்பிய காற்றில் தினக்காலண்டர் கிழிந்து பறந்து, எங்கள் வீட்டில் மட்டும் ஜூனிலேயே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

"ஏங்க, வூட்டுக்குள்ளயே மிதிச்சிக்கினு இருந்தா எப்படி? வெளியவும் ஓட்டுங்க. வளைக்கணும், பிரேக் புடிக்கணும்..."

"ரோட்டுல கன்டெய்னர் லாரி இன்னா சைஸ் கீது தெரியுமா?"

"தைச்ச துணிய எடுத்துக்கினு தினம் அதுங்க நடுவுலதான் போறேன்."

"நீ பண்றது உருட்டல். நான் பண்றது டிரெயினிங்!"

அந்த நேரத்தில்தான் கோயில் திருவிழாவுக்கு ஸ்லோ சைக்கிள் போட்டி அறிவித்தார்கள். தரையில் கால் ஊன்றாமல், கடைசியாக வருபவருக்குப் பரிசு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இத்தனை மாசமா மிதிக்கிறேன், இன்னும் ஃபிரிட்ஜையே தாண்டல. என்னைவிட மெதுவா எவன் போவான்?"

"தோத்தா?"

"ஹால் உனக்கு. ஜெயிச்சா, சாகுற வரைக்கும் ஸ்டாண்டு இங்கதான்."

"சரிங்க. அதுவரைக்கும் வெளிய ஓட்டாதீங்க. வெயிலு. வூட்லயே மிதிங்க."

மோர் வேறு கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து காணாத கரிசனம். உருகிவிட்டேன்.

போட்டியன்று பார்த்தால் பக்கத்துக் கோட்டில் அருள்மேரி, தன் லேடீஸ் சைக்கிளோடு! விசில் ஊதினார்கள். மிதித்தேன். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தது. நான் இடப்பக்கம் சாய்ந்தேன். விழுந்த இடம், ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த பங்குச் சாமியாரின் மடி.

"அமிர்தநாதா, பாவமன்னிப்பு கேக்குறது சாயங்காலம்தான்பா" என்றார்.

மடியில் கிடந்தபடியே பார்த்தேன். அருள்மேரி எறும்புபோல ஊர்ந்து, எல்லோருக்கும் கடைசியாக வந்து ஜெயித்தாள்.

"எங்கடி கத்துக்கினே?"

"ஷிப்டு வுடுற நேரத்துல ஒரகடம் கூட்ரோட்டுக்கு வந்து பாருங்க. லாரிக்குப் பின்னால தினமும் இதே ஊர்வலம்தான்."

"அப்ப என்னை ஏன் வெளிய ஓட்டாதேன்னே?"

"ஓட்டிப் பழகினா நீங்க ஜெயிச்சிடுவீங்களே!"

மறுநாள் ஹாலில் தையல் மிஷின். வாசலில் என் சைக்கிள். விழாமல் பழகட்டும் என்று பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் குழந்தைகள் சைக்கிளுக்குப் போடும் குட்டிச் சக்கரம் மாட்டியிருந்தாள்.

பென்னலூர்ப் பக்கம் அப்படி ஒரு கிழவன் தயிர் வாங்கப் போவதைப் பார்த்தால், தாராளமாகச் சிரியுங்கள். அவன் கதையை உங்களுக்குச் சொன்னது யாரென்று மட்டும் ஒருத்தரிடமும் மூச்சு விடாதீர்கள்.