ஒரே மூச்சில் இருபத்திரண்டு வீடு

ஆண்டவர் மனிதனைக் களிமண்ணால் செய்து மூக்கில் ஊதினார் என்று வேதத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் அளவாக ஊதியவர், எங்கள் சங்குக்கூடத் தெருவில் இருந்த தம்மடக்கி அண்ணாச்சிக்கு ஊதும்போது மட்டும் வேறு ஏதோ நினைப்பில் இருந்துவிட்டார் என்றுதான் நான் நம்புகிறேன். இல்லாவிட்டால் ஒரு மனித நெஞ்சுக்குள் அத்தனை காற்று இருக்க நியாயமே இல்லை.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் கோயில் புத்தகத்தில் எங்காவது இருந்திருக்கும். தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிற கூட்டத்துக்குத் தலைவர். மற்றவர்கள் இறங்கி, கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு மேலே வந்து இளைத்துக் கிடக்கும்போது, இவர் மட்டும் அடியில் உட்கார்ந்து சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு சங்காகத் திருப்பிப் பார்த்து, ‘இது சொத்தை, இது பிஞ்சு’ என்று கழித்துக்கொண்டிருப்பாராம். கூடப் போனவர்கள் சத்தியம் செய்வார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு உப்பு சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் மூடை எடை போடுகிற வேலை. புதிதாகக் கல்யாணமாகி அந்தத் தெருவில் குடியேறியிருந்தேன். எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடு ஒன்றே ஒன்று. அதுவும் ஓடாது. பெண்களுக்கு அண்ணாச்சிதான் கடிகாரம்.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம் நில்லுங்க. அடுப்புல முட்டை கெடக்கு.”

“அரை வேக்காடா, முழு வேக்காடா?”

“அரை வேக்காடு.”

“அப்ப ஒரு தம்மு. முழுசா வேணும்னா ரெண்டு. மூணு தம்முன்னா அத வச்சு எறிபந்துதான் வெளையாடணும், பாத்துக்க.”

நின்ற இடத்திலேயே கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார். போகிறவர் வருகிறவர் பேசினால் புருவத்தால் பதில் சொல்வார். ‘புஸ்’ என்று அவர் விட்டதும் முட்டையை எடுத்தால் பதம் ஒரு இம்மி பிசகாது.

கோயிலில்தான் பெரிய சோதனை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நாங்கள் எல்லாரும் விசுவாச மந்திரத்தில் பாதி தூரம் போவதற்குள் இவர் ஒரே மூச்சில் முடித்து ‘ஆமென்’ போட்டுவிட்டு, பின்தங்கினவர்களைத் திரும்பிப் பார்ப்பார். கோயிலுக்குள் சிரிப்பது பாவம் என்று பயந்து நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற ஞாயிறுகள் எத்தனையோ. சாமியார் ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, மந்திரத்த இப்படி ரயிலு மாதிரி ஓட்டுதீரு?”

“நடுவுல மூச்சு வாங்குனா விசுவாசம் குறைச்சல்னு ஆயிருமே சாமி!”

சாமியார் செபப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு தடவை இருமல் என்று டாக்டரிடம் போனார். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்து, “மூச்ச இழுத்துப் பிடிங்க” என்றார். அந்த நேரம் பார்த்துக் காலில் ஆணி ஏறிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு வர, டாக்டர் அங்கே ஓடினார். ஆணியை எடுத்து, மருந்து வைத்து, கட்டுப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கண் இரண்டும் செம்பருத்திப் பூ.

“ஐயய்யோ, விடுங்கய்யா!”

‘புஸ்’.

“நீங்க விடச் சொல்லலியே டாக்டர்.”

டாக்டர் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அண்ணாச்சிதான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாராம்.

வீட்டில் அவர் மனைவி அந்தோணியம்மா அக்கா வாயைத் திறந்தால் துறைமுகத்துச் சங்கு ஊதுகிற மாதிரி. அக்கா திட்ட ஆரம்பித்ததும் இவர் மூச்சை அடக்கிக்கொள்வார். முகம் சிவந்து நீலம் ஏறத் தொடங்கும்போது, “இந்தா, செத்துகித்துத் தொலஞ்சிராதேயும். நான் ஒண்ணும் சொல்லல” என்று அக்காவே சமாதானக் கொடி ஏற்றிவிடுவாள்.

இப்படி எங்கள் நாட்கள் ஆண்டவர் கிருபையால் போய்க்கொண்டிருக்கையில், ஒரு காலை, தெருவில் இருந்த இருபத்து மூன்று வீட்டுக் கதவிலும் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

புதுத் துறைமுகத்துக்குச் சரக்கு லாரி போக எங்கள் தெருவை அகலமான ரோடாகப் போடப் போகிறார்கள். வீடுகளை இடித்துவிட்டு, உப்பளத்துக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு மனை. ஆட்சேபணை இருந்தால் இன்ன தேதியில் மன்றக் கூட்டத்தில் வந்து சொல்லலாம்.

நகராட்சிச் சேர்மனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். ஊர் வளர வேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஆனால் உப்பளத்துக்குப் பின்னால் போனால் கடலுக்கு ஒரு மணி நேர நடை. நல்ல தண்ணீர் கிடையாது. கோயில் மணி காதில் விழாது. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். நோட்டீஸைப் படித்துவிட்டு அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு அடுக்களைக்குள் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தெரு கூடிப் பேசி, படித்தவர் என்று வாத்தியாரை அனுப்புவதாக முடிவாயிற்று. அவர் ஏழு பக்கம் எழுதினார். முதல் மூன்று பக்கம் வணக்கம்.

கூட்டத்துக்குத் தெருவே திரண்டு போனோம். எங்களுக்கு முன்னால் வேறு நாலு தெருக்காரர்கள். ஒருவர் சாக்கடையைப் பற்றிச் சொல்ல வந்து, தன் எருமை மாடு இரண்டு வருஷமாகச் சினை பிடிக்காத கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். சேர்மன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேசையைத் தட்டிச் சட்டம் போட்டார்.

“இனிமே தெருவுக்கு ஒரு ஆள். ஆரம்பிச்சா நிறுத்தாமச் சொல்லணும். இருமினாலோ, சோடா குடிச்சாலோ, மூச்சு வாங்க நின்னாலோ அதோட சரி. அடுத்த தெரு!”

எங்கள் வாத்தியார் எழுந்தார். “மாட்சிமை பொருந்திய மன்றத் தலைவர் அவர்களே, மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களே, மாண்பமை உறுப்பினர்களே, மற்றும்...” என்றவர் கண்ணாடியைத் துடைக்க நின்றார்.

“முடிஞ்சது. அடுத்த தெரு!”

ஏழு பக்கத்தில் ஐந்து வரி கூடத் தாண்டவில்லை. வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ‘மாதாவே!’ என்று சட்டைக்குள் செபமாலையைப் பிடித்தேன். அப்போது பின் வரிசையில் ஒரு கை எழுந்தது.

“ஐயா, வாத்தியாரு சொன்னது வணக்கம். எங்க தெரு இன்னும் பேசலியே.”

உறுப்பினர்கள் சிரித்தார்கள். சேர்மனும் சிரித்துவிட்டார். “சரி, வாங்க. ஆனா ஒரே மூச்சு. நின்னா உட்காந்திரணும்.”

“சம்மதம் ஐயா.”

எங்கள் தெருவில் அத்தனை பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது. பாவம், சேர்மனுக்குத் தெரியாது.

தம்மடக்கி அண்ணாச்சி மேல்துண்டை இடுப்பில் கட்டினார். சிலுவை போட்டார். பழக்க தோஷம், மைக் முன்னால் மூக்கையும் ஒரு தடவை பிடித்துவிட்டார். நெஞ்சு விரிந்து மேல்சட்டைப் பித்தான் ஒன்று தெறித்துப் போய் ஆணையர் மேசையில் விழுந்தது. பிறகு தொடங்கினார்.

“ஐயா தெக்க இருந்து சொல்லுதேன் மொத வீடு வலை பின்னுற சூசை அவனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது ஆனா வாசல்ல இருந்து கடக்கரைக்கு காலடி எண்ணி எண்ணியே போயிருவான் அவனக் கொண்டு உப்பளத்துல விட்டா எண்ணிக்கிட்டே பாத்திக்குள்ள எறங்கிருவான் ரெண்டாவது வீடு பிட்டு விக்க செவத்தியா காலையில படகேறுதவன் அத்தன பேரு வயித்துலயும் அவ பிட்டுதான் கெடக்கு அவள அங்கன கொண்டு வச்சா பிட்ட கொக்குக்கா விப்பா மூணாவது வீடு காதர் பாய் அவரு படகு வெள்ளோட்டத்துக்கு துவா ஓதலன்னா எங்க ஆளுவளே கடல்ல எறங்க மாட்டானுவ நாலாவது வீடு பேச்சியம்மா அவ மூணு ஆடு வளக்கா உப்புத் தண்ணியக் குடிச்சா ஆடு என்னத்துக்காவும் அஞ்சாவது வீடு இந்தா நிக்கானே கிட்டங்கித் தம்பி வாயில்லாப் பூச்சி இவன் பொண்டாட்டிக்கு எட்டு மாசம் வலி கண்டா ஆசுபத்திரி இங்கன இருந்து நாலு தம்மு தூரம் அங்கன இருந்துன்னா புள்ள வழியிலயே பொறந்து நடந்தே வந்துரும்...”

ஆறு, ஏழு, எட்டு என்று வீடு வீடாகப் போய்க்கொண்டே இருந்தார். முதலில் சிரித்த உறுப்பினர்கள் பத்தாவது வீட்டில் அமைதியானார்கள். பதினாலாவது வீட்டில் கவனித்தேன், அவரைப் பார்த்துப் பார்த்து மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. ஒரு உறுப்பினர் தாங்க முடியாமல் ‘ஹா’ என்று விட்டுவிட்டு வெட்கப்பட்டார். பதினெட்டாவது வீட்டில் சேர்மன் எழுந்து நின்றார்.

“போதும்யா! மூச்சு விடுங்க! நான் உட்காரச் சொல்ல மாட்டேன், விடுங்க!”

அண்ணாச்சி ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினார்.

“...இருவத்தி ரெண்டாவது வீடு நம்ம வாத்தியாரு ஊரு புள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த வீடு இத்தனையும் இடிக்கதுக்குப் பதிலா எதுத்தாப்புல நீங்களே ஒடஞ்ச குப்ப வண்டிய நிறுத்தி வச்சிருக்கிய கொட்டகை அதுல ஆளும் இல்ல அடுப்பும் இல்ல ரோட்ட அங்கிட்டுத் தள்ளுனா லாரியும் போவும் நாங்களும் இருப்போம் ஊரும் நல்லாருக்கும் ஆமென்!”

‘புஸ்ஸ்ஸ்’. மேசையில் இருந்த காகிதம் பறந்தது. மண்டபம் முழுவதும் மொத்தமாக மூச்சு விட்டது.

சேர்மன் தண்ணீர் குடித்தார். உறுப்பினர்களோடு குனிந்து பேசினார். கொட்டகைதானே, வண்டியை வேறு எங்காவது நிறுத்தலாம் என்று ஒருவர் சொல்ல, ஆமாம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். “இவர் சொன்ன வீடு ஒண்ணையும் தொட வேண்டாம். எழுதிக்கோங்க” என்றார் சேர்மன். நாங்கள் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற குதிரை வண்டிக் குதிரை மிரண்டது.

நகராட்சி இன்ஜினியர் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் புதுக் கோடு இழுத்தார். கொட்டகை வழியாக நேர் கோடு. “கொட்டகை போக, அதை ஒட்டி ஒரே ஒரு வீடு வருது. அதுக்கு யாரும் ஆட்சேபணை சொல்லலை. எடுத்துக்கலாம்.”

அந்தோணியம்மா அக்கா எக்கிப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் துறைமுகச் சங்கு ஊதியது.

“அட பாவி மனுசா! ஊரு வீட்டையெல்லாம் சொன்னீரே, நம்ம வீட்ட விட்டுட்டீரே!”

அண்ணாச்சி விழித்தார். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு, செய்தது சரிதான் என்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

“ஏளா, குளிக்க எறங்குதவன் என்னைக்காவது தன்னைய எண்ணுவானா? கரையேறும்போது தலைவன் மத்தவன எண்ணுவான். தலைவன எண்ணுதது படகுல கயிறு பிடிக்க மச்சான் வேல. அதானே முறை?”

அதுதான் முறை. அடியில் இருக்கிறவனின் உயிர்க் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்த மச்சான்தான் படகில் இருந்து பிடிப்பான்; தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலில் அதுதான் முறை. ஆனால் அவருக்குக் கயிறு பிடிக்கிற மச்சான், அந்தோணியம்மா அக்காவின் தம்பி, அன்றைக்குப் புன்னைக்காயலில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“உங்க தெரு முடிஞ்சது. அடுத்த தெரு” என்றார் சேர்மன்.

ஆட்கள் நிறைந்த இடத்தில் என் குரல் ‘ஆமென்’ என்பதற்குமேல் அதுவரை எழும்பியதில்லை. எப்படி எழுந்தேன் என்று இன்றும் தெரியாது. மாதாதான் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும்.

“ஐயா... இன்னும் ஒரு வீடு இருக்குய்யா.”

“நீங்க யாரு?”

“நான்... அண்ணாச்சிக்குக் கயிறு பிடிக்கிறவன்யா.”

ஒரு பொய் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், சாமியார் சிரித்துக்கொண்டே மன்னித்தார். அப்போது சொன்னது இவ்வளவுதான்.

“இருவத்தி மூணாவது வீடுய்யா... தம்மடக்கி அண்ணாச்சி வீடு... அவரு இல்லன்னா... எங்க தெருவுல ஒரு முட்டை வேகாதுய்யா...”

ஐந்து இடத்தில் நின்றேன். மூன்று இடத்தில் மூச்சு வாங்கினேன். ஒரு இடத்தில் மூக்கையும் துடைத்தேன். சேர்மன் தான் போட்ட சட்டத்தைத் தானே மறந்துவிட்டு முழுவதும் கேட்டார்.

“அந்த வீட்டை விட்டா ரோடு வளையுமே சார்” என்றார் இன்ஜினியர்.

“வளையட்டும்யா” என்றார் சேர்மன். “இந்த மனுசனுக்காக ஒரு ரோடு வளைஞ்சா என்ன?”

வெளியே வந்ததும் அண்ணாச்சி என் தோளில் கையைப் போட்டார். “ஏலே, வாயில்லாப் பூச்சி, எங்கலே இருந்து வந்துச்சு இந்தக் கொரலு? ஆனா நடுவுல நடுவுல நிக்கே பாரு, நாளைல இருந்து எங்கூட கடக்கரைக்கு வா, தம்மு பழக்குதேன்.” அக்கா வீட்டுக்குப் போய் ஒரு சட்டி மீன் குழம்பு என் மனைவிக்குக் கொடுத்தனுப்பினாள். அடுத்த மாதம் மகள் ஆசுபத்திரியில் சுகமாகப் பிறந்தாள்.

ரோடு வந்தது. நேராக வந்து, அவர் வீட்டுக்கு முன்னால் கோணலாக ஒரு திருப்பம் திரும்பி, மறுபடியும் நேராகத் துறைமுகத்துக்குப் போகிறது. உப்பு லாரிக்காரர்கள் இன்றைக்கும் அந்த இடத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு, இந்த ரோட்டைப் போட்டவன் எவன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அண்ணாச்சி ஆண்டவரிடம் போய் வருஷம் பல ஆகிவிட்டது. நான் அந்த வழியாக வந்தால் திருப்பத்தில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறேன். கேட்கிறவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன்.