லிப்ட்காரர் என்கிற நாற்பது பேர்

ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த உலகம் இரண்டு வேலைகளை ஒதுக்கியிருக்கிறது. மகன் வீட்டில் டிவி ரிமோட் தன் கைக்கு வரும்வரை காத்திருப்பது ஒன்று. ஊழியத்துக்குப் போவது இன்னொன்று. பஸ் டிரைவரும் அவர் மனைவி தையல்காரம்மாவும் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். சபை ஆளுக்கொரு கழுத்து அட்டையை மாட்டி, 'மூத்த ஊழியத் தம்பதி' என்ற பட்டமும் கொடுத்து, யாரையும் தெரியாத ஒரு நகரத்துக்குப் பதினெட்டு மாதத்துக்கு அனுப்பிவைத்தது. தங்குவதற்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை. குளியலறைக் கதவைச் சாத்தினால் சமையலறைக் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

முன்பெல்லாம் ஊழியம் என்றால் ஒரு வேதாகமம், ஒரு பை, தேய்ந்த செருப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தார்; அதோடு அந்தக் காலம் முடிந்தது. ஆத்துமாக்கள் 'பயனாளிகள்' ஆனார்கள். வீடு சந்திப்பது 'தொடர்பு நிகழ்வு' ஆயிற்று. சுவரில் எண்ணிக்கை எழுதும் 'அறுவடைப் பலகை' ஏறியது. பலகையைக் கவனித்துக்கொள்ள 'கள மேம்பாட்டு அலுவலர்' நியமிக்கப்பட்டார். டிரைவரின் கடைசி மகனைவிட இரண்டு வயது இளையவர்.

விதிகள் எளிமையானவை. மூன்று சந்திப்புக்குள் சபைக்கு வராதவர் 'நாட்டமில்லாதவர்'. அவருடைய கோப்பு மூடப்படும். மூடிய கோப்பின் கதவைத் தட்டுவது ஊழிய நேரத்தை விரயம் செய்தலாகக் கருதப்படும். தனிமனித கண்ணியத்தை முன்னிட்டுப் படிவத்தில் பெயர் எழுதக் கூடாது; வயது, மாடி, மனநிலை மட்டும்.

எதிர்க் கட்டிடத்தின் நான்காம் மாடியில் லிப்ட்காரர் இருந்தார். முப்பத்தைந்து வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டியவர். அவர் குடியிருந்த கட்டிடத்தில் லிப்ட் கிடையாது. வயது எண்பத்தொன்று, மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். போன மழையில் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒன்றரை நாள் தரையிலேயே கிடந்திருக்கிறார். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவன் தட்டியதால்தான் பிழைத்தார். தம்பதி முதல்முறை தட்டியபோது கதவைத் திறந்து, பழக்க தோஷத்தில், "மேலேயா, கீழேயா?" என்று கேட்டார்.

டிரைவருக்கு ஆளைப் பிடித்துவிட்டது. ஒருவர் வாழ்நாளெல்லாம் நேராகப் போனவர், மற்றவர் செங்குத்தாக. இருவரும் உட்கார்ந்து ஒருமனப்பட்டுப் பயணிகளைத் திட்டினார்கள். தையல்காரம்மா பட்டன் தைத்துக் கொடுத்தார், கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டால், நான் தடுக்கல என்பார் லிப்ட்காரர். சபைக்கு மட்டும் வரமாட்டார். இறங்கிவிடலாம், ஏற முழங்கால் விடாது.

மூன்றாம் சந்திப்பு முடிந்ததும் அலுவலரிடமிருந்து போன் வந்தது. கோப்பை மூடச் சொன்னார்.

"தம்பி, தினம் நாங்க போய்த் தட்டலேன்னா வேற யாரும் தட்ட மாட்டாங்க. மறுபடி விழுந்தா கேக்க நாதி இல்ல."

"புரியுது அங்கிள். ஆனா படிவத்துல விழுறதுக்குக் கட்டம் இல்லையே."

அன்று தையல்காரம்மா ஒரு புதுப் படிவத்தை எடுத்து விரித்தார். நாளைக்கு ஒரு புது முதியவரைப் பார்க்கப் போகிறோம் என்றார். யாரை என்று டிரைவர் கேட்டார்.

"வயசு எண்பத்தொண்ணு. நாலாவது மாடி."

"ஏம்மா, இது பொய் இல்லியா?"

"காலையில எழுந்திரிக்கிற ஒவ்வொரு மனுஷனும் புது மனுஷன்னு பாஸ்டர் போன வாரம் ஒரு மணி நேரம் சொன்னாரே. நீங்க தூங்கிட்டீங்க."

டிரைவர் பேனாவை எடுத்துக் கொடுத்தார். மூன்று நாளைக்கொரு முதியவர் பிறந்தார், நாட்டமில்லாமல் போனார், அடுத்தவர் பிறந்தார். மனநிலைக் கட்டத்தில் மட்டும் தையல்காரம்மா ஒரு நாளும் பொய் எழுதவில்லை. கோபம், சோகம், மூட்டுவலி, மறுபடி கோபம். நாலு மாதத்தில் நாற்பது பேர்.

தலைமை அலுவலகம் சிலிர்த்துப் போயிற்று. நாட்டமில்லாதவர்கள் ஒரே மாடியில் இத்தனை பேர் குவிந்திருப்பது வேறெங்கும் காணாதது என்று கண்டறியப்பட்டது. 'நான்காம் மாடி எழுப்புதல் திட்டம்' உருவாயிற்று. லிப்ட்காரரின் பக்கத்து வீடு காலியாக இருந்ததால் அதை வாடகைக்கு எடுத்து, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பேனர் கட்டி, அலுவலர் புகைப்படக்காரரோடு மூச்சு வாங்க ஏறிவந்தார்.

முதல் வரிசையில் லிப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். மற்ற முப்பத்தொன்பது நாற்காலிகள் அமைதி காத்தன.

மத்தவங்க எப்ப வருவாங்க என்று அலுவலர் கேட்டார். டிரைவர் எழுந்தார். முப்பது வருடத்தில் ஒரு சிவப்பு சிக்னலைக்கூடத் தாண்டாதவர்.

"மத்தவங்க கிடையாது தம்பி. எல்லாம் இவர் ஒருத்தர்தான்."

அலுவலரின் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல நிறம் திரும்பியது. ஆண்டறிக்கை அச்சாகிவிட்டது என்றார். அச்சான பிறகு ஆட்களைக் குறைக்க விதியில் வழியில்லை.

அதன்பின் புகைப்படக்காரர் படம் எடுக்க எடுக்க, லிப்ட்காரர் ஒவ்வொரு நாற்காலியாக மாறி மாறி உட்கார்ந்தார். கண்ணாடியோடு, கண்ணாடி இல்லாமல், அலுவலரின் கோட்டோடு, டிரைவரின் தொப்பியோடு. இத்தனை வருடத்தில் இத்தனை பேர் தன்னைக் கவனித்ததில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. 'முன்மாதிரித் தம்பதி' என்ற விருதும் இடமாற்றமும். வேறொரு நகரத்தில் இதேபோல் நாற்பது பேரைக் கண்டெடுக்க வேண்டும். கிளம்பும் நாளில் தையல்காரம்மா லிப்ட்காரரின் கதவருகில் வெகுநேரம் நின்றார். இனிமேல் இந்தக் கதவை யார் வந்து தட்டுவார்கள் என்பதுதான் அவர் கவலை. டிரைவர்தான் உட்கார்ந்து, சபையின் விதிகளை முதலிலிருந்து கடைசிவரை லிப்ட்காரருக்குப் படித்துக் காட்டினார். ஆளுக்கு மூன்று சந்திப்பு என்ற விதியை இருவரும் மறுபடி ஒருமுறை படித்தார்கள்.

பத்து நாளில் புதுத் தம்பதி வந்தது. ரிட்டையர்டு தலைமையாசிரியையும் அவர் கணவரும். கையில் பட்டியல், கழுத்தில் அட்டை. எழுப்புதல் திட்டத்தின் சிறப்பு ஆணைப்படி மூடிய நாற்பது கோப்புகளும் மறுபடி திறக்கப்பட்டிருந்தன. நான்காம் மாடியில் தட்டியதும் லிப்ட்காரரின் கதவு திறந்தது.

"ஸ்தோத்திரம் ஐயா. இந்த மாடியில நாற்பது முதியவங்க இருக்காங்களாமே?"

லிப்ட்காரர் அவர்களை நிதானமாகப் பார்த்தார்.

"இருக்கோம். உள்ள வாங்க. ஆளுக்கு மூணு தடவை வரணும்னு உங்க விதி. ஒருத்தர விட்டாலும் மத்தவங்க வருத்தப்படுவாங்க."

தலைமையாசிரியை அந்த ஒற்றைக் கட்டிலையும் ஒற்றைத் தட்டையும் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, படிவத்தை மடியில் வைத்துத் திருத்தமான கையெழுத்தில் எழுதினார்:

சந்திப்பு: ஒன்று. மீதம்: நூற்றுப் பத்தொன்பது.