எனக்கு மட்டும் போடாதேங்கோ

எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு 'வேண்டாம்' என்று சொன்னால் அதை உலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. முதலாவது வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம் வீட்டுக்காரியின் கைப்பக்குவத்தை மெச்சுவதற்கு. மூன்றாவதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் கோப்பையில் சோறு விழுந்துவிடும். இந்த வழக்கம் சோற்றோடு நின்றுவிடும் என்றுதான் நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். தேர்தலிலும் அது செல்லும் என்பதைத் தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோ நகரில், பட்டுத்தான் அறிந்துகொண்டேன். அதற்குள் என் கலியாணமே கவிழப் பார்த்தது.

அப்போது நான் நகரின் லிபெர்த்தா பகுதியில் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். பகல் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால் கிடப்பார். அந்த வருடம் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். அதற்கு முன்னால் கட்சிக்குள்ளேயே வேட்பாளரைத் தெரிவு செய்ய, மாநிலம் மாநிலமாக வாக்கெடுப்பு நடந்தது. கிழவர் அதைக் காற்பந்து பார்ப்பது போலப் பார்த்தார். காலையில் ஒருவருக்கு ஆதரவு, மத்தியானம் பாஸ்தா முடிவதற்குள் மற்றவருக்கு.

"நேற்று இந்த ஆளைக் கள்ளன் என்றீர்களே?" என்று கேட்டேன்.

"நேற்று அவன் வென்றுகொண்டிருந்தான். இன்றைக்குத் தோற்கிறான், பாவம்" என்றார்.

(அவருக்கு அங்கே வாக்கே இல்லை. அதனால்தான் அவ்வளவு தாராளமாக மாற்றிக்கொண்டிருந்தார்.)

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அரசியல் ஞானம் தலைக்கேறி இருந்த நேரத்தில்தான், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் பதவி விலகினார். 'சங்கமோ நானோ' என்று அவருடைய மனைவி கேட்டுவிட்டாராம். புதுத் தலைவரைத் தெரிவு செய்ய வேண்டும். எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்காது, எல்லாரையும் கொள்ளும் மண்டபமும் இல்லை. நான் எழும்பி நின்று, அமெரிக்காவில் போல இடம் இடமாக வைப்போம் என்றேன். முதல் ஞாயிறு கல்சா, அடுத்த ஞாயிறு லிபெர்த்தா, கடைசி ஞாயிறு ஒரேத்தோ. வீட்டுக்கு ஒரு கை. மூன்றையும் கூட்டிப் பார்ப்பது. சபை கைதட்டியது. தட்டிய சத்தத்தில் எனக்குப் புத்தி மாறி, நானே போட்டியிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

உண்மையான காரணம் ஜெசிந்தா. அவளும் லிபெர்த்தாவில்தான் ஒரு சிஞ்ஞோறா (இத்தாலிய வீட்டுக்கார அம்மா) வீட்டில் வேலை செய்தாள். வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் இருவருக்கும் லீவு. பஸ் தரிப்பிடத்தில் நின்று கதைப்போம், பஸ் வந்தால் விட்டுவிட்டு அடுத்ததுக்கு நிற்போம். ஊர்வாய்க்குப் பயந்து விஷயத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. அவளுடைய தகப்பன் பாக்கியநாதர், ஒரேத்தோவில் இருந்தார், மன்னார் ஆள், சிரிப்பைச் செலவழிக்காத மனிதர். விலகிய தலைவர் அவருடைய மூத்த மருமகன். நான் கணக்குப் போட்டேன்: மூத்த மருமகன் தலைவர், எனவே இரண்டாவது மருமகனும் தலைவராக இருந்தால் மனிதர் குளிர்ந்துபோவார். இதைவிடத் தெளிவாக ஒரு முட்டாள் யோசிக்க முடியாது.

எனக்கு எதிராக நின்றவர் குலசிங்கம் அண்ணை. ஒரேத்தோவில் மிளகாய்த்தூளும் கருவாடும் விற்கிற கடை வைத்திருந்தார். அவர் கொடுத்த ஒரே வாக்குறுதி, 'நான் வந்தால் கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கும்' என்பது. சனம் கொஞ்சம் பயந்துபோனது.

என் கூட்டாளி ரட்ணத்தைக் கூட்டிக்கொண்டு கல்சாவில் வீடு வீடாக ஏறினேன். ஏறிய வீடெல்லாம் தேத்தண்ணி தந்தார்கள், ஏறிய வீடெல்லாம் "ஓம் தம்பி, உமக்குத்தான்" என்றார்கள். ரட்ணம் துள்ளினான். ஆனால் அதே வீடுகளில் குலசிங்கம் அண்ணையும் தேத்தண்ணி குடித்திருந்தார். ஒரு அண்ணர் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"வீட்டுக்கு வந்த ஆளை முகத்துக்கு நேரை மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? செவ்வாய்க்கிழமை நீர் வந்தனீர், உமக்கு எண்டன். புதன் அவர் வந்தவர், அவருக்கு எண்டன். இப்ப திருப்பியும் நீர் வந்திருக்கிறீர். அப்ப உமக்குத்தான்."

"ஞாயிற்றுக்கிழமை?"

"கடைசியா ஆர் வருகினமோ அவைக்கு."

ஆகவே ஞாயிறு பூசை முடிந்து சனம் தேவாலய மண்டபத்துக்குள் நுழையும்வரை வாசலிலேயே நின்று கைகொடுத்தேன். உள்ளே பேச்சில் என் பிரம்மாஸ்திரத்தையும் எடுத்து விட்டேன். "நான் தலைவரானால் நீங்கள் சங்கத்தைத் தேடி வரத் தேவையில்லை. சங்கம் உங்களைத் தேடி வரும்! ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு வீட்டில் கூட்டம், எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பாடு!" ஆண்கள் ஆரவாரம் செய்தார்கள். பெண்கள் அந்த நேரம் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் காதில் இது விழவில்லை. கல்சா எனக்கு விழுந்தது.

வெற்றி வீரனாக அந்த வியாழக்கிழமை ஒரு பெட்டி கன்னோலி இனிப்பு வாங்கிக்கொண்டு பாக்கியநாதர் வீட்டுக்குப் போனேன். பெண் கேட்கத்தான். அவர் பெட்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"தம்பி, நீர் நல்ல பெடியன். பிள்ளைக்கும் விருப்பம் எண்டு தெரியும், பஸ்சுகளை விட்டிட்டு நிக்கிறதை ஆக்கள் சொன்னவை. ஆனா தலைவருக்கு நான் பெண் குடுக்கமாட்டன்."

"ஏன் ஐயா?"

"மூத்தவளைக் குடுத்துப் படுற பாடு போதும். ஆருக்கோ பெர்மெஸ்ஸோ விசா முடியுது எண்டாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுறாங்கள். ஆற்றையோ பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் அங்கைதான். அவர் கொஸ்தூராப் பொலிசிலை வரிசையிலை நிக்கிறார், இவள் வீட்டிலை ஊருக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்துறாள். புருசனோடை ஒரு வாய் கதைக்கிறதுக்கும் சங்கத்திலை அனுமதி கேக்கோணும். தோத்துப்போட்டு வாரும், கலியாணத்தைக் கதைப்பம்."

கன்னோலியைத் திருப்பித் தரவில்லை. அது ஒன்றுதான் நம்பிக்கையாக இருந்தது.

அன்றிலிருந்து தலைகீழ்ப் பிரசாரம் தொடங்கியது. முதலில் விலகிய தலைவரிடம் போனேன், தேர்தலை நடத்துகிறவரும் அவர்தான். "அண்ணை, நான் விலகிறன். எனக்கு வேண்டாம்." கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு என்னை ஆசையாகப் பார்த்தார். "விளையாடாதையும். நானும் முதல் இப்பிடித்தான் வேண்டாம் வேண்டாம் எண்டனான்" என்று முதுகில் தட்டினார். ஆளைப் பிடித்துவிட்ட சந்தோசம் அந்தத் தட்டில் தெரிந்தது.

காரணத்தைச் சொல்லவும் முடியாது. சொன்னால் ஜெசிந்தாவின் பெயர் பின்னேரத்துக்குள் பலெர்மோ முழுவதும் உருளும். ஆகவே லிபெர்த்தாவில் வீடு வீடாகப் போய்க் காரணமில்லாமலே மன்றாடினேன். "அக்கா, எனக்கு மட்டும் போடாதேங்கோ." அக்காமார் சிரித்தார்கள். "எவ்வளவு அடக்கம் பாருங்கோ. பெரிய இடத்துப் பிள்ளையள் இப்பிடித்தான்." (என் அப்பா சைக்கிளில் மீன் விற்றவர்.)

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூட்டம். வாங்கில் ஏறி நின்று என் குறைகளை ஒன்றும் விடாமல் சொன்னேன். "எனக்கு இத்தாலி மொழி அரைகுறை. சட்டென்று கோபம் வரும். நித்திரை கூடுதல். குலசிங்கம் அண்ணை என்னைவிட ஆயிரம் மடங்கு தகுதியானவர், தயவுசெய்து அவருக்கே போடுங்கள்." பின்னால் ஒரு குரல் தழுதழுத்தது. "எதிராளியைப் புகழுற மனம் ஆருக்கு வரும்? நான் குலசிங்கத்தாருக்குப் போட இருந்தனான். இப்ப மாறீட்டன்." அவரோடு சேர்ந்து ஒரு கூட்டமே மாறியது. லிபெர்த்தாவும் எனக்கு விழுந்தது. ரட்ணம் என்னைத் தூக்கிச் சுற்றினான். "மச்சான், என்ன மூளையடா உனக்கு!" அவனுடைய தோளில் இருந்தபடியே எனக்கு அழுகை வந்தது.

மிஞ்சியது ஒரேத்தோ, மற்ற இரண்டையும் சேர்த்ததைவிடப் பெரியது. குலசிங்கம் அண்ணையின் கோட்டை. இனி அவர்தான் காப்பாற்ற வேண்டும் என்று கடைக்கு ஓடினேன். மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீர் பேசினதைக் கேள்விப்பட்டன். எனக்கும் மனம் மாறீற்றுது. ஒரேத்தோவிலை நானும் உமக்குத்தான் கை உயர்த்தப்போறன்."

"ஐயோ அண்ணை, அப்பிடிச் செய்யாதேங்கோ! உங்களைக் கும்பிட்டன்!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு பை கருவாடு கட்டித் தந்தார். அதையும் வேண்டாம் என்றேன். இரண்டு பையாகத் தந்தார்.

வியாழக்கிழமை பஸ் தரிப்பிடத்தில் கருவாட்டு மணத்தோடு நின்று ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது.

"அப்பா ஒண்டு சொன்னா மாறமாட்டார். நீங்கள் வெண்டா எங்கடை கதை முடிஞ்சுது."

"நான் என்ன செய்ய? எவ்வளவு வேண்டாம் எண்டு சொல்லியாச்சு."

"அது சோத்துக்குச் சொல்லுற வேண்டாம். ஆர் நம்புவினம்?" வந்த பஸ்சைப் போகச் சொல்லிக் கை காட்டினாள். "அது சரி, கல்சாவிலை ஏதோ வாக்குக் குடுத்தனீங்களாம். ஞாயிறு ஞாயிறா வீடுகளிலை கூட்டம், சாப்பாடு எண்டு. உண்மையோ?"

"ஓம்."

"ஆர் சமைக்கிறது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி என் மண்டைக்குள் அதுவரை வந்ததே இல்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் இனி வாய் திறக்காதேங்கோ. நான் பாக்கிறன்" என்று வந்த பஸ்சில் ஏறிப் போய்விட்டாள்.

ஒரேத்தோ மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆண்கள் கதிரைகளில், பெண்கள் பின்னறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு. பாக்கியநாதர் முன்வரிசையில் கல்லுப் போல இருந்தார். ஜெசிந்தா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பின்னறைக்குள் போனாள். குலசிங்கம் அண்ணை என்னைப் புகழ்ந்து பேசினார். நான் வாய் திறக்கவில்லை, அதற்கும் கைதட்டினார்கள். பின்னறையில் எண்ணெய்ச் சத்தம் நின்றதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

"அருள் தம்பிக்கு ஆதரவானவை கையை உயர்த்துங்கோ" என்றார் பழைய தலைவர், என் பெயரைச் சொல்லி.

மண்டபமே கையாக எழுந்தது. நான் கண்ணை மூடி, தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"ஒரு நிமிசம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்கை?"

"ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு வீட்டிலை!" என்றார் ஒருவர், தூக்கிய கையோடு, பெருமையாக.

"சமையல் ஆர்? நீங்களோ?"

கண்ணைத் திறந்தேன். பெண்கள் எல்லாரும் வெளியே வந்து சுவரோடு நின்றார்கள். கையில் அகப்பை வைத்திருந்த ஒரு அக்கா தொடர்ந்தார். "கிழமை முழுக்க சிஞ்ஞோறாமாற்றை கோப்பை கழுவுறம். கிடக்கிறது ஒரு ஞாயிறு. அதிலையும் சங்கத்தின்ரை கோப்பை கழுவோணுமோ? உயர்த்தினவை உயர்த்துங்கோ, ஆர் எண்டு பாத்து வைக்கிறம்."

ஒரு கை மெல்ல இறங்கித் தலையைச் சொறிந்தது. ஒரு கை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தது. ஒருவர் யன்னலைத் திறக்கத்தான் கையைத் தூக்கியவர் போல எழும்பிப் போய் யன்னலைத் திறந்தார். எனக்காக உயர்ந்திருந்த குலசிங்கம் அண்ணையின் கையை அவருடைய மனைவி வந்து பிடித்து இறக்கி, மடியில் வைத்துவிட்டுப் போனார். ரட்ணம், என் உயிர்க் கூட்டாளி, அவனுக்குக் கலியாணமே ஆகவில்லை, அவனும் இறக்கிவிட்டான். முன்வரிசையில் ஒரு கை மட்டும் அசையாமல் நின்றது. பாக்கியநாதருடையது. அவருடைய மனைவி மன்னாரில் இருந்ததால் இறக்கிவிட ஆளில்லை.

தோற்கவேண்டும் என்று மன்றாடித் திரிந்தவன்தான். ஆனாலும் சொல்கிறேன், இப்படியா தோற்கவேண்டும்? காது சுட்டது, எந்தத் திசையில் பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருவர்கூட ஒரு பேச்சுக்காவது அனுதாபப்படவில்லை, எல்லாரும் தங்கள் தங்கள் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சுவரோரம் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைக்கிற சாட்டில் சிரித்துக்கொண்டு நின்றாள். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அவ்வளவு பெரிய மூச்சை நான் அதற்கு முன்னும் விட்டதில்லை, பின்னும் விட்டதில்லை. பொரித்து முடித்த ரோல்ஸில் எத்தனை தின்றேன் என்று தெரியாது. வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

குலசிங்கம் அண்ணை பல வருடம் தலைவராக இருந்தார். கூட்டங்கள் சொன்ன நேரத்துக்குத் தொடங்கின, சனம் வழக்கம்போலப் பிந்தி வந்தது. எங்களுக்கு அடுத்த ஆவணியில் கலியாணம் நடந்தது. மறுவீட்டுச் சாப்பாட்டில்தான் துணிந்து கேட்டேன்.

"மாமா, தலைவருக்குப் பெண் தரமாட்டன் எண்டிட்டு, பிறகேன் எனக்குக் கை உயர்த்தினனீங்கள்?"

"பேந்து யோசிச்சுப் பாத்தன். நீர் வெண்டா, பெண் தராமல் விட ஒரு நல்ல சாட்டு இருக்கும் எண்டு மனம் மாறீற்றுது" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

இப்போது அவர் எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சமைக்கிறேன் (அது என் தேர்தல் வாக்குறுதியில் மிஞ்சியது). மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டு நான் இருந்ததும் ஜெசிந்தா அகப்பையோடு வருவாள். பழக்கதோசத்தில், "காணும், வேண்டாம்" என்பேன். தேர்தல் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உடனே தொடங்கிவிடும். "பப்பா, இது உண்மையான 'நோ'வோ, பிரெசிதென்ட்டே சொல்லுற 'நோ'வோ?"

மேசையின் அந்தக் கரையில் மாமனார் மெதுவாக வலது கையை உயர்த்துவார்.

"என்ரை வாக்கு அவருக்குத்தான். போடு பிள்ளை."