அந்தரத்தில் தொங்கிய சுறாவேந்தன்

வீரன் கோழையாக வேடம் போடலாம், உயிருக்கு ஆபத்தில்லை. கோழை வீரனாக வேடம் போடவே கூடாது. நான் போட்டேன்.

என் பயத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா என்று ஒன்று வரும், அது ஆளையே தின்றுவிடும் என்று எவனோ சொன்னதை நம்பி, எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்புறம் திருவொற்றியூரில் சோடாப் புட்டி கழுவும் வேலை. (புட்டி வெடித்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே கழுவுவேன். பாதி புட்டி அழுக்காகவே போகும்.)

அந்தக் காலத்தில் ராயபுரத்தில் எங்கள் தெரு மாதா கோயில் திருவிழாவுக்கு நாங்களே நாடகம் போடுவோம். எழுதி இயக்குவது லாரன்ஸ் அண்ணன். துறைமுகத்தில் குமாஸ்தா. வெளிநாட்டு மாலுமிகள் படித்துவிட்டுப் போடும் படக்கதைப் புத்தகங்களைப் பொறுக்கி வருவார். அந்த வருஷம் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவருக்குக் கண்ணெல்லாம் பளபளத்தது.

"டேய், நம்ம உலகம் மாதிரியே இன்னொரு உலகம் கீதாம்டா! அங்கயும் நீ இருப்ப, நான் இருப்பேன். ஆனா அல்லாம் தலைகீழு. இங்க வீரன்னா அங்க பயந்தாங்கொள்ளி."

"அப்போ அங்க நான் வீரனாண்ணே?" என்று கேட்டேன்.

"அவ்ளோ பெரிய உலகமெல்லாம் இல்லடா அது."

இப்படிப் பிறந்தவன்தான் சுறாவேந்தன். கடலிலிருந்து பறந்து வந்து ஊரைக் காப்பவன். இந்த உலகத்துச் சுறாவேந்தனுக்குச் சிவப்பு முதுகுத்துணி. அது என் நண்பன் சூசை. அந்த உலகத்துச் சுறாவேந்தன் மேசைக்கடியில் ஒளிகிற கோழை, வெள்ளைத் துணி, நான். இரண்டு பேருக்கும் ஒரே முகமூடி. "நீ நடிக்கவே வாணாம், சும்மா வந்து நில்லு" என்றார் லாரன்ஸ் அண்ணன்.

நாடகத்தன்று மதியம் அம்மா ஒரு சேதி சொன்னாள். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து பெண் வீட்டார் வருகிறார்களாம். மாப்பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிட்டு, பிடித்தால் அங்கேயே பேசி முடிப்பார்களாம். எனக்கு ஏற்கெனவே மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. கடலோடி வீட்டுக்காரர்கள் முன்னால் மேசைக்கடியில் ஒளிகிற மாப்பிள்ளையா? நேராகச் சூசையிடம் ஓடினேன்.

"இன்னிக்கி மட்டும் செவப்பத் துணிய எனக்குக் குட்றா. கடசீல மூஞ்ச காட்டி நின்னா போதும், பொண்ணு வூட்டுக்காரங்க மயங்கிடுவாங்க."

"பறக்கணும்டா, மாமு."

"கயித்துல கட்டித் தொங்கறதுதானே?"

சூசை நல்லவன். கொடுத்துவிட்டான். லாரன்ஸ் அண்ணனிடம் நாங்கள் சொல்லவில்லை.

சூசை துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவன், நான் புட்டி கழுவுகிறவன் என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம். சுறாவேந்தனைப் பறக்கவைக்க மேடையோரம் பந்தலைவிட உயரமாகக் கம்பம் நட்டு, உச்சியில் கப்பி கட்டி, பின்னால் கயிற்றை இழுக்கக் கைராட்டினம் ஒன்று வைத்திருந்தார்கள். அதைச் சுற்றுகிறவர் காசிம் பாய். கப்பலில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ஓட்டிக் காது போன மனுஷர். வாயால் சொல்வது எதுவும் அவருக்குக் கேட்காது, கையைத்தான் பார்ப்பார். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்குவார். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்குவார். இரண்டு கையையும் ஆட்டினால் அப்படியே நிறுத்திவிடுவார். துறைமுகத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேடையில் வந்து நின்றேன். முதல் வரிசையில் மீசையோடு ஒருவர், பக்கத்தில் பச்சைப் புடவையில் ஒரு பெண். வீரம் பொங்கியது. "இந்த உலகம், அந்த உலகம், இரண்டுக்கும் நானே காவல்!" என்று முழங்கி, இரண்டு உலகத்தையும் காட்டுவதற்காக விரலை உயர்த்தி ஒரு சுழற்று சுழற்றினேன்.

கிளம்பிவிட்டேன்.

சீரியல் விளக்கைத் தாண்டினேன். பந்தலைத் தாண்டினேன். "எறக்குங்கடா!" என்று அலறினேன். காசிம் பாய்க்கு என் வாய் எதற்கு? பயத்தில் இரண்டு கையையும் போட்டு ஆட்டினேன். உடனே ராட்டினத்தைப் பூட்டிவிட்டு, நிம்மதியாகப் பீடி பற்றவைத்தார்.

"வசனம் பேசுடா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து லாரன்ஸ் அண்ணன் சீறினார்.

"மாதாவே! நான் இனிமே புட்டிய ஒழுங்கா கழுவறேன்!" என்று பேசினேன்.

கூட்டத்தில் ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனுக்கு விளக்கினான்: "மேல போனதும் ஆளு மாறிக்கினாம்பா. இது அந்த உலகத்து சுறாவேந்தன்." கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

கடைசியில், மேசைக்கடியில் ஒளிந்து நடுங்கவேண்டிய வெள்ளைத்துணிக் கோழை, அதாவது சூசை, வெளியே வந்தான். கம்பத்தில் சரசரவென்று ஏறினான். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கவிழ்த்து அசைத்தான். காசிம் பாய் பூப்போல இறக்கினார். விசில் சத்தம் காசிமேடு வரை போயிருக்கும்.

வெள்ளைத்துணிதான் மாப்பிள்ளை என்று தரகர் பெண் வீட்டில் முன்பே சொல்லியிருந்த விஷயம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மீசைக்காரர் மேடையேறி வந்து சூசையைக் கட்டிப்பிடித்தார்.

"ஆம்பளடா நீ! பொண்ணு குட்த்தேன், போ!"

சூசையின் பெண்சாதி மூன்றாவது வரிசையிலிருந்து கைக்குழந்தையோடு எழுந்தாள். அவள் வருகிற வேகத்தைப் பார்த்து, கம்பம் ஏறிய வீரன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

வேறு வழியில்லாமல் முகமூடியைக் கழற்றினேன். "நான்தாங்க மாப்பிள்ளை."

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"மேல கத்திக்கினு கெடந்தது நீயா?"

"ஆமாங்க."

"ரீத்தா, பொறப்புடும்மா. பஸ்ஸு பூடும்."

நான்காவது சம்பந்தமும் போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டேன். பச்சைப் புடவை நகரவில்லை.

"எனக்கு இவருதான் வோணும் நைனா."

"இன்னா மே சொல்ற? பயந்து செத்தாம்மே!"

"நம்ம குப்பத்துல அல்லாரும் வீரனுங்கதான். போன மாசி மாசம் உன் கட்டுமரம் கவுந்துச்சே, வாயத் தொறந்தியா நீ? கத்துனா கௌரவம் பூடும்னு கம்முனு மெதந்துகினு இருந்த. அம்மாவும் நானும் வெடியற வரிக்கும் கரையில அழுதுகினு கெடந்தோம். இவரு கத்துனா எண்ணூரு தாண்டி மீஞ்சூருக்குக் கேக்கும். எங்க வுழுந்தாலும் போய்த் தூக்கிக்கினு வந்துடுவேன்."

மீசைக்காரர் பஸ்ஸை விட்டுவிட்டு மறுபடி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். அடுத்த மாதம் கல்யாணம்.

இன்றும் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் ரீத்தா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவாள்: "இவருதான் எங்க வூட்டுக்காரரு. இவரு கொரலு எம்மாந்தூரம் போவும் தெரியுமா?" பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடும். வந்தவர்கள் மரியாதையாக உட்கார்ந்து, ஒரு பாட்டு பாடச் சொல்வார்கள்.

மாட்டேன் என்று சொல்லப் பயந்துகொண்டு, நானும் பாடிவிடுகிறேன்.