மேலே பியட், கீழே எலுமிச்சம்பழம்

அடுகோடி, பெங்களூரு
விஜயதசமிக்கு மறுநாள்

மதிப்பிற்குரிய மரகதம் அண்ணிக்கு,

கோமளம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தம்பியும் ஆண்டவன் புண்ணியத்தில் தரையில் இருக்கிறோம். வண்டிதான் தரையில் இல்லாமல் இருந்தது, அதை விவரமாகக் கீழே எழுதுகிறேன். வேலூரில் நீங்களும், பேரப்பிள்ளைகளும், அண்ணாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் இதென்ன கடுதாசி என்று யோசிப்பீர்கள். நான் உங்களிடம் போனில் பேசினால் போதும், உங்கள் தம்பி பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். பேசி முடிக்கிறவரைக்கும் ஒரு பக்கம் திரும்பாது. ஆகவேதான் பேனா பிடித்திருக்கிறேன்.

விஷயம் நம்முடைய பியட் வண்டியைப் பற்றியது. தர்ஷினியும் மாப்பிள்ளையும் தீபாவளிக்குள் எங்கள் மாடிக்குக் குடிவருவது உங்களுக்குத் தெரியும். மகள் புதிதாகக் கரண்டில் ஓடுகிற கார் வாங்கியிருக்கிறாள். அதை நிறுத்தி சார்ஜ் போட ஷெட்தான் வசதி, ஷெட்டில் ஒரு வண்டிதான் நிற்கும். பியட்டை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று நான் பக்குவமாகத்தான் சொன்னேன். மனுஷர் ரசத்தில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்து, "கோமளா, ரெண்டு வண்டியும் நிக்கும். மேல நம்ம வண்டி, கீழ அவ வண்டி. லிஃப்ட் ஆர்டர் பண்ணிட்டேன்" என்றார். வீட்டு ஷெட்டுக்கென்றே செய்ததாம், வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாமாம், போனில் படம் பார்த்தாராம். பீன்யா ஃபேக்டரியில் வாழ்நாளெல்லாம் கிரேனுக்குக் கீழே நின்ற மனுஷரிடம் நான் என்னத்தைக் கேள்வி கேட்பது?

வந்தது இரண்டு நீள இரும்புச் சட்டம், ஒரு மோட்டார் பெட்டி, ரப்பர் குழாய், மேலே கீழே என்று இரண்டு பட்டன் வைத்த ரிமோட். சட்டங்களை வண்டிக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாகத் தள்ளி, சாமியைக் கும்பிட்டு, மேல் பட்டனை அமுக்கினார். வண்டி எழும்பினது பாருங்கள் அண்ணி, நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எழும்பி, எழும்பி, சக்கரம் என் முழங்கால் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அவ்வளவுதான் அதன் உயரம். அடியில் படுத்து ரிப்பேர் பார்க்கிறவர்களுக்குச் செய்த சாமானாம் அது. அதுக்குக் கீழ தர்ஷினியோட காரு எங்க நிக்கறது, தர்ஷினியே தவழ்ந்துதான் போகணும். "எதுக்குங்க இது?" என்றேன். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, "அடியில துரு புடிச்சிருக்கான்னு பாக்கலாம்ல" என்றார். சொன்னதோடு விட்டாரா, இந்த வயசில் மல்லாந்து படுத்து உள்ளே போய்விட்டார். எனக்கு உயிரே இல்லை. ஏதாவது ஆனால் இழுத்துவிடலாம் என்று அவர் இரண்டு காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கூசுது, விடு" என்கிறார் உள்ளேயிருந்து.

சரி, துரு பாத்தாச்சு, இறக்குங்கன்னேன். கீழ் பட்டனை அமுக்கினால் 'க்ளிக்' என்கிறதே தவிர வண்டி அசையவில்லை. அவர் அமுக்கினார், நான் அமுக்கினேன், எதிர்வீட்டு கோவிந்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பயபக்தியோடு அமுக்கினார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டது. மறுநாள் ஆயுத பூஜை! நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி தெருவை ஒரு சுற்று வந்தால்தான் உங்கள் தம்பிக்குப் பூஜை பூஜையாகும். சக்கரம் அந்தரத்துல தொங்குது, பழத்தை எங்க வைக்கிறது? ரொம்ப யோசித்து, வீட்டிலிருந்த மணைகளை எல்லாம் கொண்டுவந்து சக்கரத்துக்கு நேராகப் போட்டு, அதன்மேல் பழத்தை வைத்து, "சாமிக்கு நம்ம நெலம தெரியும்" என்றார். நான் ஸ்டூல் போட்டு ஏறி வண்டிக்கு மாலை போட்டேன். கோவிந்தப்பா எட்டிப் பார்த்து, "ஏனு சார், காடிகெ ரெக்கெ பந்த்தா?" என்றார். வண்டிக்கு இறக்கை முளைச்சிடுச்சான்னு கேக்கறாரு. கேட்டுவிட்டு, அவர் பங்குக்கு ஊதுபத்தியும் காட்டினார்.

பூஜை முடிந்தும் கரண்ட் வரவில்லை. ஷெட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தரத்தில் நிற்கிற வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். உங்கள் தம்பி பழைய கதையை ஆரம்பித்தார். அப்போதெல்லாம் ஓசூர் ரோட்டில் சாயங்காலம் கண்ணாடியை ஏற்றாமல் போனால் பல்லு கிட்டிக்குமே, அதைச் சொன்னார். வேலூர் வருகிற வழியில் கிருஷ்ணகிரி தாண்டி ரேடியேட்டர் பொங்கும், நான் மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பேன், வண்டி ஆறுகிறதுக்குள் சாப்பாடு முடிந்துவிடும், அதைச் சொன்னார். தர்ஷினி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததை நான் சொன்னேன். குழந்தை குலுங்கக் கூடாதென்று அவர் ஓட்டின வேகத்தில் சைக்கிள்காரன் மணியடித்து முந்திப் போனான். பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "டேய் ரங்கநாதா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இவளுக்கு ஸ்கூல் சேர்ற வயசு வந்துடும்டா" என்று நீங்கள் அதட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த நாள் நல்லாத்தான் இருந்தது அண்ணி. அதுக்காக ஷெட்டை அடைச்சு வெச்சுக்க முடியுமா?

கரண்ட் வந்ததும் ரிமோட்டைப் பிடுங்கினேன். எரிச்சலில் மேல் பட்டனை அமுக்கிவிட்டேன். வண்டி ஒரு விரல் உயர்ந்ததும், அது தவறி விழாமல் இருக்கச் சட்டத்தில் மாட்டியிருந்த கொக்கி தளர்ந்தது. கீழே வரணும்னா அது முதல்ல கொஞ்சம் மேலே போகணுமாம்! உங்கள் தம்பி ஓடிப் போய்க் கொக்கிகளை விலக்கிவிட, வண்டி புஸ்ஸென்று இறங்கிப் பழத்தோடு மணைகளையும் சேர்த்து நொறுக்கியது. "பாத்தியா, பூஜை பலிச்சிடுச்சு" என்று கை தட்டுகிறார் மனுஷர். அதில் ஒன்று எங்கள் கல்யாணத்துக்கு என் அம்மா வீட்டில் கொடுத்த மணை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பிரேசர் டவுனிலிருந்து ஓஸ்வால்ட் என்று ஒருவர், பழைய வண்டிகள் வாங்குகிறவர், இன்று பார்க்க வருகிறார். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போவதாகப் பேச்சு. உங்கள் தம்பி என்ன சொல்கிறார் என்றால், "அக்கா சொன்னா குடுத்துடறேன். நீ சொல்லி நான் குடுத்ததா இருக்கக் கூடாது" என்கிறார். என் பேச்சு இந்த வீட்டில் எடுபடாதது உங்களுக்குப் புதிதில்லை. இந்தக் கடிதம் கண்டதும் அவரைக் கூப்பிட்டு, வண்டியைக் கொடுத்துத் தொலை என்று கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

அண்ணாவுக்கு என் நமஸ்காரம் மட்டும். மைசூர்பாகு அடுத்த தடவை, டாக்டர் சொன்னால். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
கோமளம்

பி.கு.: கவரை ஒட்டுகிற நேரத்தில் ஓஸ்வால்ட் வந்துவிட்டார். நல்ல மனுஷர், வாய் நிறைய அம்மா என்கிறார். உங்கள் தம்பி ஓட்டிப் பார்க்கச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். வண்டியை என்ன செய்வீர்கள் என்று நான் சும்மா கேட்டேன். "மேல் தகட்டை அறுத்து எடுத்துட்டு, ரோஸ் கலர் அடிச்சு, கல்யாண போட்டோ ஷூட்டுக்கு விடுவோம்மா" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை, "சாவியக் குடுங்க, எங்க நாத்தனார் விக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றேன். பாவம், வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல் லிஃப்டைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். தர்ஷினியின் கார் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும், ஒயரை ஜன்னல் வழியாக விட்டுக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையும் சொல்லிவிட்டார். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். "அக்கா எப்ப சொன்னா?" என்று உங்கள் தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறார். போன் செய்தால், ஆமாம், நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். நாலு திட்டு திட்டிச் சொன்னால் சந்தேகமில்லாமல் நம்பிவிடுவார்.