“டேங்க் நிறைய இருந்ததா?” என்ற மாமாவின் கேள்விக்குப் பதில்

கடல்மேல் குடியிருக்கும் மாமா அவர்களின் மேலான சமூகத்துக்கு, கரையில் குடியிருக்கும் அக்கா மகள் மிகுந்த அன்புடனும், கையிருப்பில் உள்ள அளவு பணிவுடனும் எழுதுவது. இங்கு நீங்கள் இன்னும் நேரில் பார்க்காத உங்கள் மகள் உட்பட எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலமும், உங்கள் எண்ணெய்க் கப்பலின் எஞ்சின் நலமும் அறிய ஆவல்.

பாப்பா பிறந்த செய்திக்கு நீங்கள் அனுப்பிய பதிலில் சந்தோஷம் ஒரு வரி, “டேங்க் நிறைய இருந்ததா?” என்று சந்தேகம் ஒரு வரி. அந்த இரண்டாவது வரியைப் படித்ததிலிருந்து அப்பா சாப்பிடும்போதுகூடச் சட்டைப் பையைத் தடவி, உங்கள் கார்ச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். “டாக்ஸியா ஓட்டிக்குங்க அத்தான், ஆனா ஒன்பதாம் மாசம் முழுக்க டேங்க் பாதிக்குக் கீழ போகக் கூடாது, போனா சாவி என் கைக்கு வந்துடணும்” என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது அவருக்கு மனப்பாடம். பதில் எழுதத்தான் கை வரவில்லை. பேனா என்னிடம் வந்தது. படிக்கும்போது கோபம் வந்தால் கொஞ்ச நேரம் கடலைப் பாருங்கள்.

உங்களுக்குத் தெரியாததா மாமா, பெட்ரோல் விலை ஏறும்போது லிஃப்டில் ஏறுகிறது, இறங்கும்போது மட்டும் மூட்டுவலிக்காரர் மாதிரி படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறது. ஏன் என்று அப்பா பங்க் முதலாளியிடமே கேட்டார். “இது போன வாரம் கூடுதலா குடுத்து வாங்கின சரக்குங்க, எப்படிக் குறைக்கிறது?” என்றார் அவர். “அப்ப விலை ஏறுற அன்னைக்கு, போன வாரம் குறைச்சலா வாங்கின சரக்கு எங்கங்க போகுது?” என்று அப்பா கேட்டதும், அவருக்குக் காற்றடிக்கும் மெஷினில் அவசரமாக ஒரு வேலை வந்துவிட்டது. எங்கோ சண்டை என்றால் ஏறுகிறது, நம் பணத்தின் மதிப்பு இறங்கினாலும் ஏறுகிறது, இரண்டும் இல்லாத அன்று வரி ஏறுகிறது. ஆகவே டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோரும் தற்காப்பில் இறங்கிவிட்டார்கள். சிக்னலில் எஞ்சினை அணைக்கிறார்கள். ஏசி கேட்டால், “வெளிக்காத்துங்க, உடம்புக்கு நல்லது” என்கிறார்கள். மேம்பாலத்து இறக்கம் முழுவதும் கியர் போடாமலே உருளுவதால் ‘நியூட்ரல்’ என்று பெயர் வாங்கிய அண்ணன், பாரம் குறையட்டும் என்று ஸ்டெப்னி டயரை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, ஒல்லியான பயணிகளாகப் பார்த்து ஏற்றுகிறாராம்.

இந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புளுகுமூட்டை, “வியாழக்கிழமை விலை இறங்குதாம், கப்பல்ல இருக்கிறவங்களே சொன்னாங்களாம்” என்று ஸ்டாண்டில் கொளுத்திப் போட்டது. கப்பல்காரர் வாக்கு என்றால் சும்மாவா? அத்தனை பேரும் நிரப்புவதை நிறுத்தினார்கள், அப்பா உட்பட. “தம்பி சொன்னது ஞாபகம் இருக்குல்ல?” என்றாள் அம்மா. “ரெண்டே நாள். வியாழக்கிழமை வழிய வழிய ரொப்பிடறேன்.” “அது வயித்துல இருக்கிற புள்ளைக்குத் தெரியுமா?”

தெரியவில்லை மாமா. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அத்தைக்கு வலி வந்துவிட்டது. பின்சீட்டில் அத்தையும் அம்மாவும், முன்னால் நான், பெட்ரோல் முள்ளோ சிவப்புக் கோட்டையும் தாண்டிப் படுத்துக் கிடக்கிறது. மேம்பாலத்து உச்சியில் எஞ்சின் இரண்டு விக்கல் விக்கி நின்றது. அப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டு, சத்தமில்லாத காரில் உருண்டோம். இறக்கம் முடிகிற இடத்தில் பங்க், பம்புக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றுவிட்டது. காற்று மட்டும் இலவசம் என்பதால் காற்றடிக்க வந்திருந்த நியூட்ரல் அண்ணன் ஓடிவந்து தள்ளினார். பம்பருகே நின்றதும் அப்பா பழக்கதோஷத்தில் தலையை நீட்டி, “இன்னைக்கு என்ன விலைங்க?” என்றாரே பார்க்கலாம்!

“அண்ணே, விலை இறங்குறப்ப இறங்கட்டும்! இங்க ஒண்ணு இப்பவே இறங்கப் பாக்குது!” என்று அத்தை போட்ட சத்தத்தில் பங்க்காரர் கையிலிருந்த குழாய் நழுவிவிட்டது. அப்பா, “ஃபுல்லா அடிங்க” என்றார்.

“ஃபுல்லா? ரெண்டு லிட்டர் போதும், கிளம்புங்க!” என்றாள் அம்மா.

“தம்பிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்டி.”

“வாக்கைத் திரும்பி வர்றப்ப ரொப்பிக்கலாம்!”

ரொப்பினார். ஆஸ்பத்திரியில் பாப்பா பிறந்து அரை மணி கழித்து, இந்த வருடத்திலேயே அதிகமான விலைக்கு, வழிய வழிய. மறுநாள் வியாழக்கிழமை விலை நிஜமாகவே இறங்கியது. ஸ்டாண்டில் உங்கள் மகளுக்கு ராசிக்காரி என்று பெயர். அப்பா இரண்டு நாளாகப் பங்க் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: இப்போது நிறைய இருக்கிறது. குற்றமெல்லாம் அந்தப் புளுகுமூட்டையுடையது. அதன் செருப்பு தினமும் ஒன்று தொலையட்டும். உங்களுக்கு அலை அடங்கிய கடலும், ஆடாத கட்டிலும் அமையட்டும். கேப்டனுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா சேர்த்துவைத்த ஒரே சொத்து

பி.கு.: அந்தப் புளுகுமூட்டை நான்தான் மாமா. “உன் மாமா கப்பல் எங்க நிக்குது, விலை எப்ப இறங்கும்?” என்று நியூட்ரல் அண்ணன் தினமும் நச்சரித்தார். வாயில் வந்த கிழமையைச் சொன்னேன். அது ஸ்டாண்டைச் சுற்றி அப்பா காதுக்குப் போய்ச் சேரும் என்று நினைக்கவில்லை. மேம்பாலத்தில் எஞ்சின் நின்றபோது அத்தை பின்னாலிருந்து என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. இன்று அப்பாவிடமும் சொல்லிவிடுவேன். சாவி அவரிடமே இருக்கட்டும், கொடுக்க வேண்டியதை எனக்குக் கொடுங்கள். இன்று காலை நியூட்ரல் அண்ணனிடம், “அன்னைக்குச் சொன்னது சும்மாண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம ரொப்பிடுங்க” என்று உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணடித்து, “புரியுது பாப்பா, இன்னும் இறங்கும்னு வெளிய சொல்லக் கூடாது, அதானே?” என்று கேட்டுவிட்டு, நிரப்பாமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.