செவ்வாய்க் கிரகத்துக்கு மூஞ்சிப் பொருத்தம்

ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவரை உங்களுக்குத் தெரியும். மனைப் பொருத்தம் பார்க்கிறவரையும் தெரியும். மூஞ்சிப் பொருத்தம் பார்க்கிறவரைத் தெரியுமா? தெரியாது என்று அவசரமாகத் தலையாட்டாதீர்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார், உங்கள் ஆபீசில் இரண்டு பேர், உங்கள் வீட்டில்... சரி, அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

இந்த இனத்து ஆள் யாரையும் சாதி கேட்க மாட்டார். சத்தியமாகக் கேட்க மாட்டார். "நமக்குச் சாதியும் கெடையாது, மதமும் கெடையாது, மனுசந்தான் முக்கியம்" என்று மேடையிலும் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் சொல்லிவிட்டு, சொன்ன வாய் மூடுவதற்குள் உங்களை நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு பார்வை பார்த்து, மூக்கை அளந்து, நிறத்தை எடைபோட்டு, "உங்களுக்கு வாட்ச்மேன் களை" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். கறுப்பான டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்தால், "டாக்டர் எப்ப வருவாருப்பா?" என்று அவரிடமே கேட்பார். சிவப்பான பெண் வாயைத் திறக்குமுன்பே, "நல்லாப் பாடும்போல இருக்கே" என்பார். டிவியில் ராக்கெட் படம் ஓடினால் இவர் பக்கத்தில் உட்காராதீர்கள். ஐந்து பேர் ராக்கெட்டில் ஏறும்போதே யார் திரும்பி வருவார், யார் வரமாட்டார் என்று விரல் நீட்டிச் சொல்லிவிடுவார். சொன்னபடியே நடக்கும்! அதுதான் கொடுமை. படம் எடுத்தவரும் இதே இனம் அல்லவா?

இந்த இனத்தின் உச்சியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பஞ்சநதம் என்று ஒரு மிராசுதார். நிலாவில் மனிதன் கால் வைத்து மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். தஞ்சாவூர் போய் ஓர் இங்கிலீஷ் ராக்கெட் படம் பார்த்துவிட்டு வந்தவர், ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே பேசவில்லை.

"என்னா பொருத்தம்ங்கிற! மஞ்சத் தலைமுடிக்காரன் கேப்டன். சின்னக் கண்ணுக்காரன் மிஷின் முன்னால குந்திக் கணக்குப் போடுறான். கறுப்பன் மொதல்ல கதவத் தொறந்து வெளியில போயி செத்துப்போறான். அவன்தானய்யா தொறக்கணும்? கேப்டனா போயித் தொறப்பாரு?"

"நம்ம நாட்டு ஆளு யாரும் இல்லீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஏன் இல்ல? தலப்பா கட்டிக்கிட்டு ஒருத்தன் வர்றான். ராக்கெட் கெளம்புறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் டீ குடுக்குறான். நான் கை தட்டுனேன்!"

அந்த டீக்காரருக்கு ராக்கெட்டில் இடம் கொடுத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சநதத்தின் நிறம் என்ன என்று கேட்கிறீர்களா? நல்ல அட்டக் கறுப்பு. கட்சிக் கூட்டத்தில், "கருமை நம் இனத்தின் பெருமை" என்று தொண்டை கிழியப் பேசுவார். பேசப் புறப்படுமுன் ரோஸ் பவுடர் போட்டுக்கொள்வார்.

படம் பார்த்த சூட்டோடு அவரே ஒரு நாடகம் எழுதினார். தலைப்பு, 'செவ்வாயில் செந்தமிழ்க் கொடி'. பொங்கலுக்கு மூன்றாம் நாள், பள்ளிக்கூட மைதானத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு. பகலில் ஏன்? வெயில் பட்டால்தான் ராக்கெட் மினுங்குமாம். ராக்கெட் வேறொன்றுமில்லை, அவர் வீட்டு நெல் கொட்டும் பத்தாயம். அதை நிமிர்த்தி வைத்து, சிகரெட் பெட்டி வெள்ளிக் காகிதத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். கேப்டன் வேஷம் மச்சினன் துரைராசுவுக்கு. செக்கச் செவேல் என்று இருப்பார். நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் மனப்பாடம் ஆகாது, அது வேறு விஷயம். செவ்வாய்க் கிரகத்துப் பூதங்கள் ஐந்து. அதற்கு எங்கள் தெருவில் சொல்லியனுப்பினார்.

"கறுப்பு மேல பச்ச நல்லாப் புடிக்கும். பெயிண்டும் கம்மியா ஆவும்" என்றார்.

முதல் பூதம் இளையபெருமாள், பஞ்சநதத்தின் பண்ணையாள். ஒத்திகையில் பத்தாயத்தைத் தூக்கி நிறுத்தி, தூக்கி நிறுத்தி, நாடகம் முழுவதும் அவனுக்குப் பாடமாகிவிட்டது. துரைராசு திக்கும் இடத்திலெல்லாம் அவர் காலடியில் குப்புறக் கிடந்தபடியே அவன்தான் அடி எடுத்துக் கொடுப்பான். ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"ஐயா, கேப்டன் வசனம் பூரா எனக்கு மனப்பாடம்ங்க."

"வசனம் தெரிஞ்சாப் போதுமாடா? மூஞ்சி?"

அதோடு சரி. ஆனால் அதே இளையபெருமாளுக்கு அதே வாரம் இன்னொரு வேஷமும் இருந்தது. அந்த வேஷத்துக்கு ஒத்திகை காலையில், கொல்லைப்புறத்தில், கதவைச் சாத்திக்கொண்டு.

விஷயம் இதுதான். ஒரு குடும்பம் பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று சட்டம் வந்திருந்தது. பஞ்சநதம் சும்மா இருப்பாரா? மிச்ச நிலத்தைத் துண்டு துண்டாக ஊரார் பேரில் எழுதிவைத்தார். வாய்க்காலை ஒட்டிய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம், இளையபெருமாள் பேரில். பத்திரம், பட்டா எல்லாம் சுத்தம். நெல் மட்டும் பஞ்சநதத்தின் பத்தாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நிலச்சீர்திருத்தத் தாசில்தார் விசாரணைக்கு வருகிறார் என்று தகவல் வந்ததும், அவரையே நாடகத்துக்குத் தலைமை தாங்க அழைத்துவிட்டார் பஞ்சநதம். முதல் நாள் நாடகம், மறுநாள் விசாரணை. விசாரணையில் இளையபெருமாள் நிலத்துக்காரனாக வந்து நிற்க வேண்டும்.

மூஞ்சிப் பொருத்தக்காரருக்கு வந்த சோதனையைப் பாருங்கள்! தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பொருந்தாத மூஞ்சிக்கு வேஷம் கொடுக்க வேண்டிய கட்டாயம்.

"நாற்காலியில உக்காருடா. அய்ய, நுனியில குந்தாத, சாஞ்சு உக்காரு. நெஞ்ச நிமித்து. தாடையத் தூக்கு. இப்பச் சொல்லு, 'நிலம் என்னுடையது.'"

"நிலம் என்னுடையதுங்க."

"'ங்க' வேணாம்! அழுத்தமாச் சொல்லுடா. கேக்குறவன் நம்பணும்ல?"

"நிலம்... என்னுடையது."

"உன் மூஞ்சியில மிராசுதார் களையே வரமாட்டேங்குதேடா!" என்று தலையில் அடித்துக்கொள்வார். இளையபெருமாள் எழுந்து, நாற்காலியைத் துண்டால் துடைத்துவிட்டு, அந்த ஆறு மாவில் களை பறிக்கப் போவான். அவன் அப்பா உழுது செத்த நிலம் அது. பேருக்காவது தன் பேரில் இருக்கிறதே என்று அதன் வரப்பில் கொஞ்சம் மெதுவாக நடப்பான். அந்த நடை அவன் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். பாவி, எவ்வளவு ஆசை இருந்திருக்கும்!

நாடக நாள் வந்தது. மணி இரண்டரை. ஐந்தாவது பூதம் வரவில்லை, காய்ச்சல். பஞ்சநதம் கொதித்துக்கொண்டிருக்கும்போது, வயல் வரப்பு வழியாக ஒருவர் வந்தார். கறுத்த ஒல்லி உடம்பு, முழங்கால் வரை சேறு, செருப்பு கையில்.

"இளையபெருமாள்ங்கிறவரு..." என்று ஆரம்பித்தார்.

பஞ்சநதம் அவரை நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு பார்வை பார்த்தார். எண்ணி ஒரே பார்வை.

"ஏன்யா இவ்வளவு லேட்டு? உள்ள போ! அடேய், இவனுக்கும் பூசு!"

அந்த மனிதர், "நான் வந்து..." என்று வாயைத் திறந்தார். வாய்க்குள் சுவருக்கு அடிக்கிற பச்சை டிஸ்டெம்பர் போயிற்று. சாக்கை மாட்டினார்கள், தலையில் இரண்டு ஈர்க்குச்சிக் கொம்பு வைத்தார்கள், முடிந்தது. கால் மணி கழித்து ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து எலுமிச்சை நிறத்தில், சலவைச் சட்டையில், வாட்டசாட்டமாக ஒருவர் இறங்கினார். இறங்கிய காலில் பஞ்சநதம் மாலையைப் போட்டார். "ஐயா, நான்..." என்றார் அவர். "தெரியுமே! பெரிய மனுசங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க" என்று இழுத்துக்கொண்டுபோய், தலைவர் நாற்காலியில் அமுக்கி, கையில் கோலி சோடாவைக் கொடுத்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் ஐந்து பூதங்களும் காய்ந்துகொண்டு நின்றன. எல்லாம் ஒரே பச்சை. யார் எந்தத் தெரு, யார் என்ன படிப்பு, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாத பச்சை.

ஐந்தாவது பூதம் முதல் பூதத்திடம் மெதுவாகக் கேட்டது. "நீங்கதான் இளையபெருமாளா? உங்க பேருல ஆறு மா நிலம் இருக்காமே?"

"இருக்குங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கும்னு சொல்லியிருக்காங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பழையபடி பூதந்தாங்க."

மூன்றாவது பூதம் கீச்சென்று சிரித்து, ஒரு கொம்பைக் கீழே தவறவிட்டது. ஐந்தாவது பூதம் சிரிக்கவில்லை.

மணி அடித்தது. பத்தாயத்தின் கதவு திறந்தது. வெள்ளிக் காகிதச் சட்டையோடு துரைராசு வெளியே வரப் பார்த்தார், தோள் மாட்டிக்கொண்டது, இரண்டு பூதங்கள் போய் இழுத்து எடுத்தன. ஜனம் விசிலடித்தது. கேப்டன் கொடியை ஊன்றினார். பூதங்கள் பொத்துப் பொத்தென்று காலில் விழுந்தன. இப்போது கேப்டன், "இந்த மண் என்னுடையது!" என்று முழங்க வேண்டும். முழங்கவில்லை. மறந்துவிட்டது. கண்ணைக் கீழே தாழ்த்தி முதல் பூதத்தைப் பார்த்தார். முதல் பூதம் வாயைத் திறக்கவில்லை.

பக்கவாட்டுத் திரையிலிருந்து பஞ்சநதம் சீறினார். "டேய் இளையபெருமாளு, எடுத்துக் குடுடா! என்னுடையதுன்னு சொல்லு! அழுத்தமாச் சொல்லித் தொலைடா!"

இளையபெருமாள் எழுந்தான். நெஞ்சை நிமிர்த்தினான். தாடையைத் தூக்கினான். காலை ஒத்திகையில் ஒரு நாளும் வராத குரல் அன்றைக்கு வந்தது.

"நிலம் என்னுடையது!"

அவன் நிறுத்தவில்லை.

"உழுதது எங்கப்பன். வரப்புல அண்டை வெட்டுனது நான். நாத்து நட்டது எந்தங்கச்சி. பட்டா எம் பேருல இருக்கு. யாரு நிலத்துல யாரு கொடி ஊனுறது?"

அடேயப்பா, அந்தக் கைதட்டல்! பஞ்சநதம் துள்ளிக் குதித்து மேடைக்கு வந்துவிட்டார்.

"டேய் மடையா! அது நாளைக்குச் சொல்ல வேண்டிய வசனம்டா!"

"நாளைக்கு எதுக்குங்க?" என்றது ஐந்தாவது பூதம், சாக்கை உதறி எழுந்து நின்று. "இன்னைக்கே கேட்டாச்சு."

"நீ யார்றா?"

"நான் அரசப்பன். தாசில்தார். ஜீப்பு மதகுக்கிட்ட சேத்துல சிக்கிக்கிச்சு, நடந்து வந்தேன்."

பஞ்சநதம் தலைவர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். மாலைக்காரர் எழுந்து மாலையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தார். "நான் டிரைவர் மூஸாங்க. அப்பலேருந்து அதைத்தாங்க சொல்ல வர்றேன்."

பச்சை வழிகிற முகத்தோடு தாசில்தார் கேட்டார். "பஞ்சநதம் ஐயா, இந்த ஆறு மா இவருதா, உங்களுதா? இவருதுன்னா நெல்லும் இனிமே இவரு வாசலுக்குத்தான். இத்தனை ஜனம் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

என்னுடையது என்றால் உச்சவரம்பு தாண்டிவிட்டது, நிலமும் போகும், பொய்ப் பத்திரம் எழுதிய வழக்கும் வரும். இல்லை என்றால் நிலம் மட்டும் போகும். அந்த நிமிஷம் பஞ்சநதத்தின் மூஞ்சிக்கு எந்த வேஷம் பொருந்தியிருக்கும் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ரோஸ் பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியது.

"அவருதுதாங்க" என்றார்.

அந்த வருஷத்து அறுப்பு இளையபெருமாள் வீட்டு வாசலில் இறங்கியது. பஞ்சநதம் திருந்தினாரா? இந்த இனம் எங்கேயாவது திருந்துமா? சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "இளையபெருமாளு மூஞ்சியில அப்பவே ஒரு மிராசுதார் களை இருந்துச்சு. கண்டுபுடிச்சதே நாந்தான்!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று சொல்லுங்கள். இவ்வளவு நேரம் கதை சொன்ன எனக்கு நீங்கள் என்ன மூஞ்சி கொடுத்தீர்கள்? முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு, மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து நாடகம் பார்த்த ஓர் எழுத்தாளர்? என் பெயர் காளியம்மாள். அந்த நாற்றை நட்ட தங்கச்சி நான்தான். கொம்பைத் தவறவிட்ட மூன்றாவது பூதமும் நான்தான்.

அந்த ஆறு மா நெல்லில்தான் என் அண்ணன் என்னை டீச்சர் டிரெய்னிங் படிக்க வைத்தான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஓர் ஆண்டு விழாவுக்குப் பாரதமாதா வேஷத்துக்கு ஆள் எடுத்தேன். அம்சம் என்று ஒரு பிள்ளை, என்னைப் போலவே கறுப்பு, ஓடி வந்து கையைப் பிடித்தது. "டீச்சர், பாரதமாதா வசனம் பூரா எனக்கு மனப்பாடம் டீச்சர்."

நான் அதை நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு, என் வாயால், "வசனம் தெரிஞ்சாப் போதுமாடி?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அதற்கு 'வறுமை' வேஷம் கொடுத்தேன். பவுடர் டப்பாவை எடுத்துப் பாரதமாதாவுக்குப் பூசிக்கொண்டிருக்கும்போதுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. வேஷத்தை மாற்றினேனா? மாற்றவில்லை. மணி அடித்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகவே இந்த இனத்தின் பெயர்ப் பட்டியலில் பஞ்சநதத்துக்குக் கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். முன்வரிசை, வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடி என்றீர்களே, உங்கள் பெயரைக் கொஞ்சம் சொல்லுங்கள்.